மானைக் கூப்பிடுவதா, பேசாமல் இருப்பதா: நவம்பரில் கனடா போகிறவர்களுக்கு

ஒக்டோபர் பிறந்தால் எனக்குத் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று இருக்கிறது: "அண்ணை, மச்சான் ஒன்ராறியோவில மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்றான், மானைக் கூப்பிடுற குழல் ஏதோ இருக்காமே, அவனுக்கு எதை வாங்கிக் குடுக்கலாம்?" வெள்ளவத்தையில் பாதி வீடுகளுக்குக் கனடாவின் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு சொந்தம் உண்டு. அந்தச் சொந்தங்களில் சிலர் இப்போது வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்து, லைசென்ஸும் எடுத்து, நவம்பர் வந்தால் செம்மஞ்சள் சட்டையோடு காட்டுக்குள் போகிறவர்களாகிவிட்டார்கள். நானும் அங்கே இருந்த காலத்தில் அவர்களோடு பரணில் உட்கார்ந்து குளிரில் விறைத்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் கிரண்ட் குழல் வாங்குங்கள், அதாவது ஆண்மானின் உறுமலை எழுப்புகிற குழல். கொம்பு மோதும் சத்தம், டப்பாவைக் கவிழ்த்துக் கத்த வைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். வாங்கிய குழலும் பெரும்பாலான நேரம் ஊதப்படாமல் கழுத்தில்தான் தொங்கவேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், அவருக்கு அலுமாரி நிறையச் சாமான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் யாராவது குழலோடு வில்பத்துவுக்குக் கிளம்பிவிடுவார்கள். இங்கே இலங்கையில் புள்ளிமானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறவை. சுடுவது குற்றம், இறைச்சி வைத்திருப்பதும் குற்றம், தேசியப் பூங்காவுக்குள் மிருகங்களைத் தொந்தரவு செய்வதும் குற்றம். சட்டத்தை விட்டாலும் இந்த உத்திகள் இங்கே பொருந்தாது. நம் புள்ளிமான் வருடம் முழுக்கக் குட்டி போடும், ஒன்ராறியோவின் வெள்ளைவால் மானுக்கோ எல்லாம் ஒரு சில வாரங்களுக்குள் நடந்து முடியவேண்டும். குழல் வேலை செய்வதும் செய்யாததும் அந்தச் சில வாரங்களைப் பொறுத்ததுதான்.

அதனால் எந்தக் குழல் என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தேதியில் போகிறீர்கள் என்று கேட்கவேண்டும். பகல் சுருங்கச் சுருங்க ஆண்மானின் உடம்பில் மாற்றம் தொடங்குகிறது, கழுத்து பருக்கிறது, மரத்தில் கொம்பை உரசுகிறது, நிலத்தைக் காலால் கிளறி வாசம் விட்டுப் போகிறது. பெண்மான் சேர்க்கைக்கு இசைவது ஏறத்தாழ ஒரு நாள், கூடினால் இரண்டு நாள். அந்த முறை தவறினால் சுமார் 28 நாள் கழித்து மறுபடி ஒரு வாய்ப்பு. கர்ப்பகாலம் 200 நாள் அளவில் என்பதால், நவம்பர் நடுப்பகுதியில் சேர்ந்தால்தான் மே கடைசி, ஜூனில் புல் துளிர்க்கிற நேரத்தில் குட்டி பிறக்கும். பிந்திப் பிறந்த குட்டி அடுத்த பனிக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம். இதனால்தான் தேதி அவ்வளவு கறாராக இருக்கிறது. ஒக்டோபர் தொடக்கத்தில் ஆண்மான்கள் ஒன்றையொன்று கண்டும் காணாமல் மேய்கின்றன. ஒக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் வாரத்திலும் தேடி அலைகின்றன. நவம்பர் நடுவில் துணை கிடைத்துவிடுகிறது. டிசம்பரில் களைத்துப் போய்ச் சாப்பாட்டைத் தேடுகின்றன. ஒரே சத்தம் இந்த நான்கு காலத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சும்மா இருப்பது முதல் வழி. இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை, ஆனால் எந்தக் குழலையும் இதோடுதான் ஒப்பிடவேண்டும். மான் காதுகளைத் தனித்தனியாகத் திருப்பும். சத்தம் எந்த மரத்தடியிலிருந்து வந்தது என்பதைக் கிட்டத்தட்ட விரல் வைத்துக் காட்டுகிற மாதிரிக் கண்டுபிடித்துவிடும். நீங்கள் ஊதிய ஒவ்வொரு ஊதலும் "நான் இங்கே இருக்கிறேன்" என்கிற அறிவிப்பு. மேய்ச்சல் நிலத்துக்கும் படுக்கைக்கும் நடுவே நல்ல தடம் ஒன்றைக் கண்டுபிடித்து அதன் ஓரத்தில் பரண் போட்டிருந்தால், மான் எப்படியும் அந்த வழியே வரப்போகிறது. அப்போது கூப்பிடுவது வீண் வேலை. ஒக்டோபர் தொடக்கத்தில், அம்பு வில்லோடு உட்காருகிற நாட்களில், நான் இந்தப் பக்கம்தான். அதே போல உங்கள் சொந்தக்காரர்கள் கூட்டமாகப் போய்க் காடு கலைக்கிறவர்கள் என்றால், அதாவது பாதிப் பேர் நடந்து விரட்ட மிச்சப் பேர் மறுபக்கம் காத்திருப்பது என்றால், குழலை மறந்துவிடுங்கள். வன்னியில் பழைய ஆட்கள் சொல்கிற கலைப்பு அதேதான். ஓடி வருகிற மான் யாருடைய உறுமலையும் நின்று கேட்காது.

அடுத்தது கிரண்ட் குழல். உள்ளே ஒரு மெல்லிய தகடு, மேலே வாய் வைக்கிற துளை, கீழே சுருக்கி விரிக்கக் கூடிய ஒரு குழாய். தகட்டின் மேல் இருக்கிற ரப்பர் வளையத்தை நகர்த்தினால் குட்டியின் மெல்லிய குரலிலிருந்து பெரிய கொம்பனின் தடித்த குரல் வரை மாற்றலாம். புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் வளையத்தைக் கடைசி வரை தள்ளிக் காட்டிலேயே பெரிய கொம்பன் மாதிரி உறுமப் பார்க்கிறார்கள். அதைக் கேட்டு வரக்கூடியது அந்த இடத்தில் ஆதிக்கம் செலுத்துகிற ஆண்மான் மட்டும்தான், இரண்டு வயசு மான்கள் அடி வாங்கப் பயந்து ஒதுங்கிவிடும். நடுத்தரமான குரலில் வைத்தால் பெரியதற்கும் கோபம் வரும், சின்னதற்கும் துணிவு வரும்.

எப்போது ஊதுவது என்பதில்தான் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. கண்ணுக்குத் தெரிகிற மான் உங்களை விட்டு விலகிப் போகும்போது ஊதுங்கள். நூறு மீற்றரில் ஒரு ஆண்மான் பக்கவாட்டாக நடந்து போகிறது, உங்கள் பக்கம் வருகிற எண்ணமே இல்லை, அப்போது இழப்பதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை. சின்னதாக ஒரு உறுமல், அரை வினாடிக்குக் கொஞ்சம் கூட. அது கேட்டதா என்று பாருங்கள். கேட்டால் நிற்கும், அல்லது ஒரு காதாவது திரும்பும். கேட்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பலமாக. நின்று உங்கள் பக்கம் பார்க்கிற நேரத்தில் மட்டும் ஊதவே கூடாது, அது பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரு மானும் இல்லை என்பது அதற்குத் தெரிந்துவிடும். தலையைத் திருப்பி மறுபடி நடக்கத் தொடங்கியதும் இன்னொன்று. உங்கள் பக்கம் வரத் தொடங்கினால் குழலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். வருகிற மானை மேலும் கூப்பிடுவது, வீட்டுக்குள் வந்துவிட்ட விருந்தாளியை வாசலில் நின்று கூப்பிடுகிற வேலை. வால் விறைத்து, கால் விறைத்து, மூக்கால் "ப்ஸ்" என்று காற்றைத் தள்ளினால் ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு ஊதுவது அடுத்த நாளையும் கெடுக்கும்.

மான் கண்ணில் படாதபோது குருட்டாம்போக்கில் ஊதலாமா என்றால், நவம்பர் முதல் இரண்டு வாரத்தில் ஊதலாம், அரை மணிக்கு ஒரு தடவை என்கிற அளவில். அந்த நேரத்தில் பெண்மானின் பின்னால் போகிற ஆண்மான் ஒவ்வொரு சில அடிக்கும் குறுகிய உறுமல்களை விட்டுக்கொண்டே போகும். அதைப் போலச் சின்னச் சின்னதாக ஏழெட்டு உறுமல்களைத் தொடர்ச்சியாக விட்டால், பக்கத்தில் துணை தேடி அலைகிற இன்னொன்றுக்கு "யாரோ ஒருத்தன் ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்டான்" என்று பொருள்படும். ஊதிவிட்டு உடனே கையை ஆட்டக் கூடாது, செல்போனை எடுக்கக் கூடாது. சத்தம் எழுப்பாமல் வந்து பத்து நிமிடம் பற்றைக்குள் நின்று பார்க்கிற மான்தான் அதிகம்.

இடமும் முக்கியம். வெட்டவெளி வயலில் ஊதினால் மான் தூரத்தில் நின்றே பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவெடுத்துப் போய்விடும். பற்றை, மேடு, அடர்ந்த பைன் மரங்கள் ஏதாவது நடுவில் இருந்தால்தான் அது தேடிக்கொண்டு வரவேண்டிய கட்டாயம். பழைய தமிழ் வேட்டுவர்கள் பழக்கிய பார்வை மானைக் கட்டிவைத்துக் காட்டு மானை வரவழைத்தது இந்தக் கண் பிரச்சினைக்காகத்தான். இன்றைக்கு அதற்குப் பிளாஸ்டிக் மான் விற்கிறார்கள். துவக்கு வேட்டை நடக்கிற வாரத்தில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடப்பது எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை.

காற்று பற்றி ஒரு வார்த்தை, இது எல்லாக் குழலுக்கும் பொது. கூப்பிட்டு வருகிற ஆண்மான் நேராக வராது. சுற்றிக்கொண்டு, காற்று உங்களிடமிருந்து அதற்கு வீசுகிற பக்கமாக வந்து மூக்கால் சரிபார்க்கும். ஆகவே அந்தப் பக்கத்தில் ஏரியோ, ஆறோ, அது நடக்க விரும்பாத திறந்த வெளியோ இருக்கிற மாதிரி உட்காரவேண்டும். அப்படி இடம் அமையவில்லை என்றால் அன்றைக்குக் கூப்பிடாதீர்கள். என்ன சோப்புப் போட்டுக் குளித்தாலும் அதன் மூக்கை ஏமாற்ற முடியாது.

குழல் வாங்கவே விருப்பமில்லாதவர்களுக்குக் காசில்லாத ஒரு சத்தம் உண்டு. வாயாலேயே "ம்மே" என்று கொஞ்சம் மூக்கு கலந்து, குட்டையாக. இது மானை வரவழைக்க அல்ல, நடந்துகொண்டிருக்கிற மானை நிறுத்துவதற்கு. அம்பு விடுகிறவர்கள் எல்லோரும் இதைப் பழகிவைத்திருப்பார்கள், ஏனென்றால் நடக்கிற மானின் மேல் விட்ட அம்பு தப்பான இடத்தில் படும், அடிபட்ட மிருகம் எங்கேயோ போய் வேதனைப்பட்டுச் சாகும். வில்லை இழுத்துவிட்டுச் சத்தம் போடவேண்டும், போட்டுவிட்டு இழுக்கக் கூடாது.

கவிழ்க்கிற டப்பா, அதாவது பிளீட் கேன், சிரிப்பான சாமான். சின்னத் தகரப் பேணி மாதிரி இருக்கும், துளையை விரலால் மூடிக் கவிழ்த்தால் உள்ளே காற்று இறங்கி, பெண்மான் கத்துகிற மாதிரி இழுவையான ஒரு சத்தம். ஊதத் தெரியாதவரும் பாழாக்க முடியாது, எப்போதும் ஒரே சத்தம்தான் வரும். பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். சத்தம் தூரம் போகாது, காற்று வீசுகிற நாளில் பக்கத்து மரத்துக்கே கேட்காது. சேர்க்கைக்கு இசைந்த பெண்மானின் குரல் என்று விற்கிறார்கள், எனவே உச்ச நாட்களுக்குச் சற்று முன்னும் பின்னும், துணையில்லாமல் அலைகிற கொம்பன்களுக்கு இது பொருத்தம். கிரண்ட் குழலோடு சேர்த்து, முதலில் டப்பாவை இரண்டு தடவை கவிழ்த்து, பிறகு உறுமலை விட்டால் ஒரு சோடி போகிற மாதிரி இருக்கும். இரண்டாவதாக ஏதாவது வாங்க ஆசைப்பட்டால் இதை வாங்குங்கள். மான் கிட்ட வந்துவிட்டபோது மட்டும் தொடவேண்டாம், கை கவிழ்கிற அசைவையே அது பார்த்துவிடும்.

கொம்பு மோதும் சத்தம்தான் எல்லோருக்கும் ஆசை. இரண்டு உதிர்ந்த கொம்புகளையோ, பைக்குள் குச்சிகள் போட்ட ரட்டில் பையையோ உரசி மோதி, இரண்டு ஆண்மான் சண்டை பிடிக்கிற மாதிரிக் காட்டுவது. வீடியோக்களில் பார்த்தால் மோதி முடிக்கிற முன்னமே பெரிய கொம்பன் பாய்ந்து வருகிறது. அந்த வீடியோக்களில் பல டெக்சாஸில் எடுத்தவை. அங்கே தென்பகுதிப் பண்ணைகளில் மானும் அதிகம், ஆணுக்கும் பெண்ணுக்கும் எண்ணிக்கை கிட்டத்தட்டச் சமம், வயது முதிர்ந்த ஆண்களும் நிறைய. அங்கே நடந்த ஆய்வுகளில் மெதுவாக மோதுவதைவிடப் பலமாக மோதுவதற்குத்தான் அதிக மான்கள் வந்தன. ஒன்ராறியோவில் ஒரு ஆணுக்குப் பல பெண் இருக்கிற இடத்தில், சண்டைக்குக் காரணமே குறைவு. சந்தியில் சண்டை என்றால் வேலை வெட்டி இல்லாதவன்தான் ஓடி வருவான், புதுமாப்பிள்ளை வரமாட்டான். நவம்பர் நடுவில் கொம்பன்களில் பாதி புதுமாப்பிள்ளைகள்.

எனவே கொம்பு மோதுவதற்கான காலம் ஒக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை, துணை கிடைக்காமல் உடம்பு முறுக்கேறி நிற்கிற நாட்கள். காலையில், காற்றில்லாத குளிரில், சத்தம் தூரம் போகும். முதலில் மெதுவாக ஒரு உரசல், பக்கத்தில் ஏதாவது நின்றால் வெருண்டு ஓடாமல் இருக்க. பிறகு அரை நிமிடம் பலமாக. நடுவில் சருகைக் காலால் கிளறினால் இன்னும் நம்பும். அதற்குப் பிறகு குறைந்தது அரை மணி பேசாமல் இருக்கவேண்டும், இந்த அரை மணிதான் யாருக்கும் பொறுக்காது. ஆனால் யார் வேண்டுமானாலும் வேட்டையாடக் கூடிய அரச நிலத்தில் இதைச் செய்யவே வேண்டாம் என்பேன். நீங்கள் செய்கிற சத்தத்தைக் கேட்டு மானுக்கு முன்னால் துவக்கோடு இன்னொரு மனிதர் வரலாம். துவக்குப் பருவத்தில் ஒன்ராறியோ வேட்டைக்காரர் இடுப்புக்கு மேலே எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி குறைந்தது 400 சதுர அங்குலம் செம்மஞ்சள் போட்டிருக்கவேண்டும், தலையிலும் அதே நிறம் வேண்டும். பார்க்கப் போகிற நீங்களும் போடுங்கள், மச்சான் "தேவையில்லை" என்று சொன்னாலும் போடுங்கள்.

ஸ்நோர்ட் வீஸ் என்று ஒன்று இருக்கிறது, மூக்கால் இரண்டு மூன்று தடவை சீறி நீளமாக இழுக்கிற சத்தம். பெரிய ஆண் எதிரிக்கு விடுகிற கடைசி எச்சரிக்கை அது. காதை மடக்கிக்கொண்டு மயிர் சிலிர்த்து நிற்கிற பெரிய கொம்பன் ஒன்று கண்முன்னே நின்றால் மட்டும். மற்ற எல்லா மானும் ஓடும். குட்டி அவலக் குரலில் கத்துகிற குழலும் விற்கிறார்கள், நவம்பரில் அதற்கு மான் வருகிறதோ இல்லையோ ஓநாய் மாதிரி இருக்கிற கொயோட்டி வரும், கரடி நடமாடுகிற பக்கம் என்றால் கரடியும் வரலாம். இரண்டுக்கும் காசு செலவழிக்க வேண்டாம்.

"போனில் ஆப் இருக்கே, ஏன் குழல்?" என்று கேட்கிற தம்பிமாருக்கு: போனின் சின்ன ஸ்பீக்கரில் உறுமலின் அடிக்குரல் வராது, வருவது ஒரு கீச்சுச் சத்தம். மின்சாரக் கருவியால் மானைக் கூப்பிடுவதை அமெரிக்காவில் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன, எல்லை தாண்டிப் போய் வேட்டையாடுகிறவர்கள் கவனிக்கவேண்டும். குழலோடு சேர்த்துக் கடையில் தள்ளிவிடப் பார்க்கிற மான் மூத்திரப் போத்தலையும் தொடாதீர்கள். மான் குடும்பத்து மிருகங்களின் உடல் திரவம் கலந்த எதையும் வேட்டைக்கு வைத்திருப்பதையோ பாவிப்பதையோ ஒன்ராறியோ தடை செய்திருக்கிறது. மான்களுக்கு வருகிற மூளை நோய் பரவும் என்கிற பயம்தான் காரணம்.

சுற்றுலா விசாவில் போகிறவர் குழலை ஊதலாமா என்பது அடுத்த சிக்கல். அங்கே சட்டம் வேட்டை என்று சொல்வது சுடுவதை மட்டுமல்ல, காத்திருப்பதும் தேடுவதும் துரத்துவதும் அதற்குள் வரும். லைசென்ஸ் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து மானைக் கூப்பிட்டுக் கொடுப்பது நல்ல யோசனை அல்ல. ஊதுவது மச்சானாக இருக்கட்டும், நீங்கள் பார்வையாளராக இருந்துவிடுங்கள். அவரே ஊதும்போது அவருடைய தோளுக்குப் பின்னால், அசையாமல், கண்ணை மட்டும் ஓடவிட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்குத்தான் முதலில் மான் தெரியும்.

பரிசாகக் கொண்டுபோக இங்கே கொழும்பில் தேடி அலையாதீர்கள். அங்கே மீன்பிடி, வேட்டைச் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். மலிவான குழலும் விலை கூடிய குழலும் மானுக்கு ஒன்றுதான், வித்தியாசம் குளிரில்தான் தெரியும். மூச்சின் ஈரம் தகட்டில் உறைந்து, ஊதினால் ஒன்றும் வராது, அல்லது வாத்து மாதிரிக் கத்தும். மலிவானவற்றில் இது அடிக்கடி நடக்கும். சட்டைக்குள்ளே உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும், மூச்சை உள்ளே இழுத்துச் சத்தம் எழுப்புகிற வகை வாங்கினால் ஈரம் தகட்டில் படிவது குறையும்.

வாங்கியதும் மச்சானைப் பழகச் சொல்லுங்கள், ஆனால் அடுக்குமாடியில் வேண்டாம். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உண்மையான மானின் பதிவைப் போட்டுக் கேட்டுக் கேட்டு ஊதுவதுதான் அங்கே எல்லோரும் செய்கிறது. ஊதுவதை விடக் கேட்பதற்கு அதிக நேரம் செலவழிக்கவேண்டும். உண்மையான உறுமல் நாம் நினைப்பதைவிட மெல்லியது, பன்றி முனகுகிற அளவுதான்.

டிசம்பர் வாரத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், தென் ஒன்ராறியோவின் பல பிரிவுகளில் துவக்கு வேட்டைக்கு நவம்பரில் ஒரு வாரமும் டிசம்பரில் ஒரு வாரமும் விடுகிறார்கள். முதல் முறை தவறிய பெண்மான்கள் அப்போது மறுபடி இசையும் என்பது உண்மைதான், அதை நம்பிக் குழலை எடுத்துப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அதற்குள் காட்டில் மிஞ்சியிருக்கிற ஆண்மான் ஒரு மாதமாக எல்லார் குழலையும் கேட்டுவிட்டது, துவக்குச் சத்தத்தையும் கேட்டுவிட்டது. டிசம்பரில் கூப்பிடவே வேண்டாம், சோளம் அறுத்த வயலின் ஓரத்தில் பிற்பகலிலேயே போய் உட்காருங்கள், சூரியன் மறைந்து அரை மணி வரை சட்டப்படி நேரம் இருக்கிறது. பசித்த மான் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் தானாக வெளியே வரும்.